கயிறு தளரும்வரை

எங்கள் நாயை நாங்கள் உலாவக் கூட்டிச் சென்றோம் என்று அயலவர் எவரும் சாட்சி சொல்லமாட்டார்கள். அதுதான் எங்களைக் கூட்டிச் சென்றது. படலை திறக்கும் சத்தம் கேட்டதும் அதன் முன்னங்கால்கள் நிலத்தைவிட்டு எழும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் பதவி, வயது, மரியாதை எல்லாவற்றையும் அந்தக் கணமே துறந்து, உள்துறைமுக வீதியால் ஓடத் தொடங்குவார். அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பிரதம எழுதுவினைஞர். ஊருக்கு அவர் கிளாக்கரையா. வெள்ளைக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக அவர் நாயின் பின்னால் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே பின்னேரங்களில் எதிர்மதிலில் பிள்ளைகள் ஏறி இடம்பிடித்து வைத்திருந்தார்கள்.

நாயின் பெயர் பைலட். குட்டியாக அதைக் கொண்டுவந்து பெயரும் வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் வேலை செய்தார். கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருகிறவர் பைலட், பின்னால் எவ்வளவு பெரிய கப்பல் கிடக்கிறதென்று அவர் கவலைப்படுவதில்லை, இவனும் அப்படித்தான் என்பது மாமாவின் விளக்கம். அப்போது அது கைக்குள் அடங்கும் குட்டி. விளக்கம் முந்திவிட்டது, நாய் பிறகு வளர்ந்து அதை உண்மையாக்கியது.

அந்த வருடம் எனக்கு ஏழு வயது. வீட்டுக்குத் தம்பி வரப்போகிறான் என்று சொல்லி என்னை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார்கள். தொட்டில் கட்டுவதற்குக் கூரை வளையில் கொளுக்கிகூட அடித்தாகிவிட்டது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அம்மா மட்டும் வந்தார். தம்பி எங்கே என்று ஒரேயொரு தடவை கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னாளில் நான் வேலை பார்த்த கந்தோர்களில் இப்படியான கோப்புகளை ‘பிறகு பார்க்க’ என்று ஒதுக்கி வைப்போம். அன்றைக்கு நானும் அதையே செய்தேன்.

அதற்குப் பிறகு அம்மா படலையைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஒருநாளும் தவறவிடாதவர் பூசைக்கும் போகவில்லை. மாதா கோயிலில் விசாரித்தவர்களுக்கு அப்பா, “தலைச்சுத்து” என்றார். கேட்டவர்களும் “ஓம் ஓம், வெயில்தானே” என்றார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கு வேறொரு பயம் வந்து சேர்ந்திருந்தது.

திருகோணமலையில் மான்கள் வீதியில் நடமாடும். கோட்டைப் பக்கமிருந்து இறங்கி, முற்றவெளியில் மேய்ந்து, சந்தையில் கழித்துவிட்ட முட்டைக்கோவா இலையைத் தின்று, நடுறோட்டில் படுத்து அசைபோடும். வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் மணியடித்து விலத்திப் போவோம். இந்த ஏற்பாட்டைப் பைலட் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் பின்னேரம் முற்றவெளி ஓரம் அப்பா கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். புல்லுக்குள்ளிருந்து ஒரு மான் தலையைத் தூக்கியது. அடுத்த நொடி அப்பா புழுதியில் குப்புறக் கிடந்தார். கயிறு கழன்றுவிட்டது. பைலட் பாய, மான்கள் சிதற, அவற்றில் ஒன்று வீதியைத் தாண்டிக் குதிக்க, அதற்கு விலத்திய சைக்கிள் ஒன்று நேரே வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கியது. சைக்கிளில் வந்தவர் எங்கள் பகுதியின் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் நாயைப் பற்றி முறையிடுவதென்றால் எவரிடம் போகவேண்டுமோ, அவரே கானுக்குள் நின்றார். மேன்முறையீட்டுக்கு இடமிருக்கவில்லை.

அவர் காற்சட்டைச் சேற்றை உதறிவிட்டு நிதானமாகவே பேசினார். அதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது.

“கிளாக்கரையா, உங்கட முகத்துக்காக இண்டைக்கு விடுறன். வாற மாதம் கவுன்சில் வளவில நாயளுக்கு விசர்நாய் ஊசி போடுறம். அண்டைக்கு இவனைக் கயிற்றில ஒழுங்கா நடத்திக் கொண்டு வரவேணும். இழுத்துக்கொண்டு வந்தான் எண்டால் ஊசி இல்லை, வண்டிதான்.”

“ஓம், அது நியாயம்தான்” என்றார் அப்பா, உள்ளங்கை கிழிந்து இரத்தம் வடிய. நடைமுறை சரியாக இருந்தால் தன் கழுத்துக்கு வந்தாலும் ஒப்புக்கொள்ளும் மனிதர்.

வண்டி என்றால் நாய் பிடிக்கிற வண்டி. கம்பிவலை அடித்த பெட்டி. நுனியில் சுருக்குக் கட்டிய நீண்ட தடியோடு இரண்டு பேர் வருவார்கள். வண்டிக்குள் போன நாய் ஒன்று திரும்பி வந்ததாக எங்கள் வீதியில் கதையே இல்லை. அன்றிலிருந்து வீதியில் எந்தச் சில்லுச் சத்தம் கேட்டாலும் நான் ஓடிப்போய்ப் பைலட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பெரும்பாலும் அது மண்ணெண்ணெய் வண்டியாக இருந்தது.

பிரச்சினை ஒன்று வந்தால் முதலில் உபகரணம் வாங்குவது கந்தோர்ப் பழக்கம். அப்பா என்னையும் பைலட்டையும் இழுத்துக்கொண்டு, சரியாகச் சொன்னால் பைலட் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு, பெரியகடைத் தெருவில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் முதலாளியின் இரும்புக்கடைக்குப் போனார்.

“ஐயா, நாய் வெளியால நிக்கட்டும். சங்கிலி வெளியால வரும்” என்று நானா கதிரையை விட்டு எழும்பாமலே குரல் கொடுத்தார். வந்த சங்கிலி கழுத்தைச் சுற்றி வளையமாய் ஓடியது. இழுக்க இழுக்க இறுகும் சாதி. “டொக்யாட்டில இருந்த வெள்ளைக்காரன் இதத்தான் வாங்கினான்.”

“இதைப் போட்டால் நாய் நிக்குமோ நானா?” என்று அப்பா கேட்டார்.

“நிண்ட நாய நான் கண்டதில்ல ஐயா. சங்கிலியத் திருப்பிக் கொண்டுவந்த ஆளையும் கண்டதில்ல.”

வீட்டு முற்றத்தில் பரீட்சை நடந்தது. பைலட் இழுத்தது, சங்கிலி இறுகியது, பைலட் இன்னும் இழுத்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு வறண்ட இழுவைச் சத்தம் வந்தது. கண் பிதுங்கியது. அப்போது அம்மா உள்ளேயிருந்து விறாந்தைக்கு வந்தார். அவர் குரலை நாங்கள் கேட்டுக் கனநாளாகியிருந்தது.

“கழட்டுங்கோ அதை.”

“கொஞ்சம் பழகினால் —”

“மூச்செடுக்க ஏலாமல் ஒரு சீவன் கிடந்து தவிக்கிற சத்தம் இந்த வீட்டில எனக்குக் கேக்க ஏலாது. கழட்டுங்கோ.”

அப்பா கழற்றினார். சங்கிலி மேசை லாச்சிக்குள் போனது. அம்மா குசினிக்குத் திரும்பிப் போன பிறகும் அப்பா அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு உபகரணம் வீணாகிவிட்டது, ஊசி நாள் கிட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் என் கவலை.

அடுத்த முயற்சி மாமாவுடையது. “அத்தான், கழுத்தில கட்டினது பிழை. பாரத்தைக் கழுத்தில ஏத்துவினமே? நெஞ்சில எல்லோ தாங்கவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனவர், தடித்த கன்வஸில் ஒரு சேணம் தைத்துக் கொண்டுவந்தார். மெழுகு நூலில் இரட்டைத் தையல். நெஞ்சுக்குக் குறுக்கே அகலப் பட்டி. முதுகில் பித்தளை வளையம், அதில் கயிறு. அவ்வளவு அழகான வேலையை அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

பைலட்டும் பார்த்ததில்லை. அதுவரை கழுத்து நோகுமே என்று தன் பலத்தில் பாதியை அடக்கி வைத்திருந்தது. இப்போது நெஞ்சு முழுவதும் கொடுத்து இழுக்கலாம், ஒரு இடமும் நோகாது. அது மாமாவை வாசலிலிருந்து கடல் ஓரக் கற்கட்டு வரைக்கும் நிறுத்தாமல் கொண்டுபோனது. நாங்கள் பின்னால் ஓடினோம். வாழ்நாள் முழுவதும் இழுப்பதற்கென்றே கயிறு கட்டிய மனிதரிடம், இழுக்காமலிருக்க ஒரு கருவி கேட்டது எங்கள் பிழை. கற்கட்டில் முழங்கால் உரசி உட்கார்ந்திருந்த மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை.

“பார்த்தீங்களே அத்தான்! ஒரு தையல் விடேல்லை!”

சேணமும் லாச்சிக்குப் போனது. பிறகு அப்பா பயிற்சியில் இறங்கினார். பிஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கட்டளையிட்டார். கட்டளைகளை எதிர்மதில் பிள்ளைகள் இரண்டே நாளில் பாடமாக்கி, அப்பா கந்தோருக்குப் போகும்போது அவருக்கே சொன்னார்கள். பைலட் பிஸ்கற்றைப் பாடமாக்கியது.

“கிளிவெட்டியில எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார். வயலுக்குக் காட்டுப் பண்டி வருது, நாய் தேவையாம். வண்டியில போறதை விட அது நல்லம்தானே அத்தான்” என்று மாமா ஒருநாள் மெதுவாகச் சொன்னார். நான் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்ப் பைலட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். காட்டுப்பன்றியின் கோரைப்பல் எவ்வளவு நீளம் என்று ஒருவரையும் கேட்கத் துணியவில்லை.

மறுநாளே அப்பாவுக்குக் கந்தோரில் வேலை கூடிவிட்டது. அதுவரை ஐந்து மணிக்கெல்லாம் வீட்டிலிருந்தவர், இனி இருட்டித்தான் வரமுடியும் என்றார். இதை அவர் அம்மாவைப் பார்க்காமல், சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பின்னேரத்தில நாயை ஆர் நடத்துறது? பிள்ளை தனிய ஏலாது. நீரும் ஒருக்கால் பிடியும்.”

“எனக்கு ஏலாது.”

“படலை மட்டும்தான்.”

“படலை மட்டும் போய் என்ன பழக்கிறது?”

“தெரியேல்லை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செய்து பார்த்திட்டன்” என்றார் அப்பா. எல்லா நடைமுறையும் தெரிந்த அந்த மனிதர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நான் முன்னே கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்கமாட்டார்.

இப்படித்தான் ஒரு பழைய தோல் பட்டியையும் சாதாரணக் கயிறொன்றையும் கட்டிக்கொண்டு அம்மாவும் நானும் பைலட்டுமாக முற்றத்தில் இறங்கினோம். பைலட் வழக்கம்போல் பாய்ந்தது. அம்மா ஓடவில்லை, இழுக்கவில்லை, அதட்டவில்லை. அப்படியே நின்றார். இரண்டு கையாலும் கயிற்றை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கால் நிலத்தில் வேர்விட்டது போல நின்றார். பைலட் இழுத்துப் பார்த்தது. முனகியது. சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு என்ன நடந்ததென்று பார்க்கத் திரும்பி ஓரடி பின்னால் வந்தது. கயிறு தளர்ந்தது. அம்மா கண்ணைத் திறந்து ஓரடி வைத்தார். பைலட் மறுபடி பாய்ந்தது. அம்மா மறுபடி நின்றார்.

அன்று படலைக்குப் போய்ச் சேரவே பொழுது சரியாகிவிட்டது. மறுநாள் படலை தாண்டி விளக்குக் கம்பம்; அதற்குப் பிறகு முடுக்கு; அதற்கும் பிறகு நானாவின் கடை தெரிகிற திருப்பம். ஒவ்வொரு நாளும் நான் பக்கத்தில் நடந்து விதியைக் கண்டுபிடித்துவிட்டேன். கயிறு இறுகினால் நிற்கவேண்டும். கயிறு தளர்ந்தால் நடக்கவேண்டும். இவ்வளவு சுத்தமான ஒரு விதியை என் முழு உத்தியோக காலத்திலும் பிறகு நான் சந்திக்கவில்லை. அம்மா இதை எங்கே படித்தார் என்று வியந்தேன்.

மாமா மட்டும் கதிரையில் சாய்ந்துகொண்டு, “அக்கா, உந்த வேகத்தில போனால் ஊசிக்கு அடுத்த வருசம் போய்ச் சேருவீங்கள்” என்றார்.

“நீ பேசாமல் இரு. உன்ர சேணத்தை விட இது பறவாயில்லை” என்றார் அம்மா. மாமா வாயைத் திறந்தவர், மூடவில்லை. அம்மா பகிடிக்குப் பகிடி சொல்லி எவ்வளவோ காலம்.

ஊசி நாள் காலையில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் கந்தோர் பார்க்க வருகிறார் என்று அப்பா வெள்ளனவே புறப்பட்டுவிட்டார். அந்தக் கந்தோரில் மற்ற எல்லோருடைய அரைநாள் லீவையும் சிபாரிசு செய்கிறவர் அவர்தான். தனக்கு ஒன்று எடுக்க அவருக்கு ஒரு தடையும் இருந்திருக்காது. இது எனக்கு லீவு விதிகள் தெரிந்த பிறகு வந்த யோசனை. அன்றைக்கு எனக்கு வந்தது அழுகை.

ஊசி மத்தியானத்தோடு முடிந்துவிடும். நாங்கள் மூவரும் நடந்தோம். வீட்டுப் பக்கத்து வீதியில் பைலட் அம்மாவின் சேலை ஓரமாகவே வந்தது. முற்றவெளி தெரிந்ததும் நான் மான்களைத் தேடினேன். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கொம்பன் மானும் இரண்டு பெட்டை மான்களும் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன. கயிறு கம்பியாக விறைத்தது. அம்மா நின்றார். கண் மூடியிருந்தது. உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது. பைலட்டின் உடம்பு முழுவதும் அதிர்ந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. சைக்கிளில் மீன்பெட்டி கட்டி வந்த ஒருவர் காலை ஊன்றி வேடிக்கை பார்த்தார்.

“அம்மா, ஆர் ஆரைக் கட்டி வைச்சிருக்கிறது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. கொம்பன் தோலை விழுங்கிவிட்டு அலுப்போடு அங்கால் நடந்தது. பைலட் அதைப் பார்த்தது, அம்மாவைத் திரும்பிப் பார்த்தது, மறுபடி அதைப் பார்த்தது. பிறகு பெருமூச்சொன்று விட்டு அம்மாவின் காலடிக்கு வந்தது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. இனி ஒரு தடையும் இல்லை, ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டினால் கவுன்சில் வளவு.

ஆஸ்பத்திரிப் பக்க வாசலுக்கு நேரே வந்தபோது அம்மா நின்றார்.

நான் கயிற்றைப் பார்த்தேன். அது தளர்ந்து நிலத்தில் முட்டிக்கொண்டிருந்தது. மான் இல்லை, மாடு இல்லை, பூனைகூட இல்லை. வாசலுக்குள் ஒரு வேப்பமரமும், வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காயும் கொடியும், ஒரு நீளமான ஓட்டுக் கட்டடமும் மட்டும் தெரிந்தன.

“அம்மா, கயிறு இறுகேல்லை. நடவுங்கோ.”

“ஓம், நடக்கிறன்” என்றார். நடக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் பின்னாலிருந்து அந்தச் சில்லுச் சத்தம் வந்தது. இந்தத் தடவை மண்ணெண்ணெய் வண்டி அல்ல. கம்பிவலைப் பெட்டி எங்களை உரசுவது போலப் போனது. உள்ளே ஏதோ சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது. தடி பிடித்திருந்தவன் பைலட்டை மேலும் கீழும் அளந்துகொண்டு போனான். வண்டியும் கவுன்சில் வளவுக்குள்தான் திரும்பியது.

“அம்மா, கெதியா வாங்கோ! ஊசி முடிஞ்சிடும்! அவன் இழுக்கேல்லைத்தானே, நீங்கள் ஏன் நிக்கிறீங்கள்?”

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்து, குதிக்காலை மண்ணில் ஊன்றி, உள்ள பலம் எல்லாவற்றையும் கூட்டி இழுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பைலட் போய் அவருடைய பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை. எனக்குக் கை நொந்தது. களைத்துப்போய் விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நான் இழுக்காமல் நின்றபோதுதான், அம்மா கண்ணைத் திறந்து நடக்கத் தொடங்கினார்.

பரிசோதகர் ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். வாசலில் எங்களைக் கண்டதும் கை நின்றது. மற்ற நாய்கள் குலைக்க, வண்டி ஒரு பக்கம் நிற்க, பைலட் அம்மாவின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு வளவின் குறுக்கே நடந்து வந்தது. கயிறு தொட்டிலைப் போலத் தொங்கியது.

“இவன்தானே அவன்?” என்று என்னைக் கேட்டார்.

“ஓம்.”

“எப்பிடி அம்மா பழக்கினீங்கள்?”

“நான் ஒண்டும் பழக்கேல்லை. நிண்டனான், அவ்வளவுதான்” என்றார் அம்மா.

ஊசி போட்டார்கள். கழுத்துப் பட்டியில் கட்டத் தகர வில்லை ஒன்று தந்தார்கள். வீட்டுக்கு வரும்வரைக்கும் அதைப் பட்டியில் கட்டவிடாமல் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன், அப்பாவுக்கு நானே காட்டவேண்டும் என்று.

அப்பா அன்று ஐந்து மணிக்கே வந்துவிட்டார். சப்பாத்துக் கழற்ற முன்னமே நான் அறிக்கையை ஒப்படைத்தேன். கொம்பன் மான், விறைத்த கயிறு, மீன்காரர், வண்டிக்காரனின் பார்வை, ஒன்றும் விடவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு முறைப்பாடும் இருந்தது. கயிறு தளர்ந்திருக்க, ஒரு காரணமும் இல்லாமல், ஆஸ்பத்திரி வாசலில் நின்று நேரத்தைப் போக்கிவிட்டார். அதனால்தான் ஊசி தவறப் பார்த்தது.

சப்பாத்து நாடாவில் அப்பாவின் கை நின்றது.

“கனநேரமோ நிண்டவ?”

“ஓம். கனநேரம்.”

“பிறகு?”

“பிறகு நடந்தவ.”

“தானாகவோ?”

“ஓம். நான் இழுத்தனான், வரேல்லை. பிறகு தானாத்தான் நடந்தவ.”

“திரும்பி வரேக்க?”

“வரேக்கயும் நிண்டவ. ஆனால் கொஞ்சம்தான்.”

நான் வில்லையை நீட்டினேன். வாங்கினார், புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊசி எங்கே போட்டார்கள், பைலட் கத்தியதா, பரிசோதகர் என்ன சொன்னார், எதையும் கேட்கவில்லை. குசினிக்குள் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நாளைக்கும் அந்தப் பக்கமா நடந்து போட்டு வாங்கோ, என்ன?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பரிசோதகர் ஒப்புக்கொண்டுவிட்டார், வண்டி பைலட் இல்லாமலே போய்விட்டது, பைலட் பிழைத்துவிட்டது. என் கணக்கில் அந்தக் கோப்பு மூடப்பட்டாகிவிட்டது.

“ஊசிதான் போட்டாச்சே அப்பா” என்றேன். “இனி அங்க என்னத்துக்கு?”